வளைவில் உடைந்த பூசணி

ஒரு காட்டில் தார்ச்சாலை போட்டார்கள். நேராகத்தான் போட்டிருக்க வேண்டும். நடுவில் யானையாரின் கரும்புத் தோட்டம் இருந்ததால் சாலை மரியாதையாக வளைந்தது. வளைந்த இடத்தில் முள்ளம்பன்றி செவந்தி டீக்கடை வைத்திருந்தாள். கடைச் சுவருக்குப் பின்னால்தான் அவள் குட்டிகள் தூங்கும்.

வளைவுக்கு முன்னால் ‘வேகம் 30’ என்று ஒரு மஞ்சள் பலகை உண்டு. இருந்தும் அடிக்கடி ஏதாவது ஒரு வண்டி செவந்தியின் சுவரில் வந்துதான் நிற்கும்.

“அந்தப் பலகை ரோட்டுக்குப் புதுசா வர்றவங்களுக்குக்கா. நமக்குத் தெரியாத வளைவா?” என்றான் லாரி ஓட்டும் காட்டெருமை, சுவரிலிருந்து லாரியைப் பின்னுக்கு எடுத்தபடி. வேன் ஓட்டும் குரங்கு விவரமானவன். “முப்பதுன்னு போட்டா அறுபது வரைக்கும் தாங்கும்னு அர்த்தம்” என்றான்.

செவந்தி சாலைத்துறை அதிகாரி கரடியிடம் போய் அழுதாள். அவர் வெகுநேரம் யோசித்து, 30ஐ அழித்துவிட்டு 20 என்று எழுதினார்.

“பார்த்தீங்களா, அந்த முப்பதே சும்மா போட்டதுதான்” என்றான் குரங்கு.

மறுபடி சுவர் கட்டியபோது, கண்பட்டிருக்குமோ என்று செவந்தி ஒரு பூசணிக்குக் குங்குமம் தடவி நடுரோட்டில் உடைத்தாள். அன்று காட்டெருமை தூரத்திலேயே பிரேக் போட்டு, ஒரு துண்டுகூட டயரில் படாமல் ஊர்ந்து போனான். குரங்கு இறங்கி வேனைத் தள்ளிக்கொண்டே போனான். “திருஷ்டி கழிச்சதுக்கா. ஏத்தினா நமக்கு ஒட்டிக்கும்.”

செவந்தி தினமும் ஒரு பூசணி உடைத்தாள். குட்டிகள் நிம்மதியாகத் தூங்கின.

ஒருநாள் கரடி ஜீப்பில் வந்தார். வண்டிகள் ஊர்வதைக் கண்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இப்பதாம்மா பலகைக்கு மரியாதை வந்திருக்கு.”

“பலகை இல்லீங்கய்யா, பூசணி.”

“அதெல்லாம் மூடநம்பிக்கை. வண்டி வேற வழுக்கும்” என்று துண்டுகளைக் கூட்டி அள்ள வைத்துவிட்டு, அதே சாலையில் இன்னும் மேலே இருந்த ஒரு பாலத்தைப் பார்வையிடப் போனார்.

திரும்பும்போது ரோடு சுத்தமாக இருந்தது. ஜீப் பறந்து வந்து சுவரை இடித்து, குட்டிகளின் பாயில் ஏறி நின்றது. குட்டிகள் அப்போது ஓடைக்குக் குளிக்கப் போயிருந்தன. இல்லாவிட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனசு வந்திருக்காது.

செவந்தி ஜீப்புக்கு அடியிலிருந்து பாயை இழுத்தபடி கேட்டாள். “ஐயா, பலகையைப் பார்க்கலீங்களா?”

கரடி செங்கல் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். “அதுல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா? எழுதினதே நான்தானே.”

நீதி: உயிர் போகும் என்றால் எவனும் பிரேக்கை மிதிக்க மாட்டான், திருஷ்டி ஒட்டும் என்றால் இறங்கியே தள்ளுவான். ஆகவே சாலைத்துறையினர் பெயின்ட் வாங்குவதை நிறுத்திவிட்டு, பூசணி பயிரிடுக.