நெத்திலிக் கருவாடும் என் தாவல் கணக்கும்

மரக்காணத்தில் உப்பில்லாமல் சாப்பிடும் ஒரே ஆண்மகன் நான்தான். ஜன்னலைத் திறந்தால் உப்பளம். தெருவில் உப்பு லாரி. என் ரசத்தில் மட்டும் உப்பு கிடையாது. பி.பி. ஏறிவிட்டதாம். உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்றார் டாக்டர். முதல் கட்டளையை என் மனைவி லூர்துமேரி நிறைவேற்றிவிட்டாள். இரண்டாவதை நான் மதிக்கவில்லை. கணிதப் பேராசிரியனுக்கு மூளை நடந்தால் போதாதா?

இந்த லட்சணத்தில் ஒருநாள் வீட்டுக்குள் நெத்திலிக் கருவாட்டு வாசம் வந்தது.

“மேரி, கருவாடு வாங்கினியா?”

“இல்லீங்களே.”

“வாசம் வருதே!”

“கூனிமேட்டுக் காத்தா இருக்கும்ங்க.”

கூனிமேடு தெற்கே இருக்கிறது. காற்றோ மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. கட்டிய புருஷனுக்குத் தெரியாமல் கருவாடு!

விடுவேனா? கல்லூரியில் நான் நடத்துவதே இந்த மாதிரிக் கணக்குத்தான். மேடும் பள்ளமுமாக, நடுநடுவே பட்டென்று அறுந்துபோகும் கணக்குகளில் உச்சத்தைத் தேடிப் பிடிப்பது. கருவாட்டு வாசமும் அதே ஜாதி. ஏறும், இறங்கும், கதவைச் சாத்தினால் அறுந்துவிடும். கண்ணைக் கட்டி உப்பளத்தில் விட்டால், முட்டாள் முதலில் ஏறிய உப்புக் குவியலையே பெரிதென்று நம்பி நிற்பான். புத்திசாலி இறங்கி, தூரமாகத் தாவி, வேறு குவியலில் ஏறிப் பார்ப்பான். அதற்கொரு அல்காரிதம் எழுதிப் போனில் ஏற்றினேன். நின்ற இடத்து வாசத்துக்கு நான் மார்க் போட்டால், அடுத்து எங்கே தாவுவதென்று போன் சொல்லும்.

“என்னாங்க, செவுத்தையெல்லாம் மோந்து பாக்குறீங்க?”

“ஆராய்ச்சி.”

“எதுவா இருந்தாலும் பக்கத்துலயே தேடலாம் இல்ல?”

“பக்கத்துலயே தேடுறவன் சின்ன மேட்டுல மாட்டிக்குவான். தூரமா தாவணும்.”

“தூரம்னா? மோட்டார் கொட்டா வரைக்குமா?”

“அதுக்கும் மேல!”

“அப்படீங்களா!” என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அவள் மரியாதை காட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் மோட்டார் கொட்டகையில் வாசம் தூக்கியது. பாய்ந்தேன். கருவாடு சுற்றிய காகிதம் மட்டும் கிடந்தது. போன் என்னை வாசல் கேட்டுக்குத் துரத்தியது. அங்கேயும் காகிதம். அங்கிருந்து தோட்டத்துக் கடைசித் தென்னைக்கு ஓடினேன். காகிதம்! தின்றுவிட்டுக் காகிதத்தை ஒளிக்கிறாளே, பாவி! வயிறு எரிந்தது. மூச்சு வாங்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மாதம் தாவினேன். நெத்திலியின் ஒரு தலைகூடக் கண்ணில் படவில்லை.

மாதக் கடைசியில் டாக்டரிடம் போனோம். பி.பி. பார்த்தவர் முகம் மலர்ந்தது.

“சூப்பர் சார்! நல்லா இறங்கியிருக்குது. வாக்கிங் போறீங்களா?”

“போறதே இல்ல.”

“போறாருங்க டாக்டர்,” என்றாள் மேரி. “கேட்டுக்கும் மோட்டார் கொட்டாவுக்கும் ஒரே ஓட்டம்.”

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“அப்போ கருவாடு எங்கடி?”

“அது போன மாசமே எங்கம்மா வீட்டுக்குப் போயிடுச்சுங்க. நம்ம வீட்டுல காகிதம் மட்டும்தான் இருக்குது.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இனிமே கொஞ்சம் படியும் ஏறி இறங்குனா நல்லது சார்,” என்றார்.

“சரிங்க டாக்டர்,” என்றாள் மேரி. “நாளையிலேர்ந்து காகிதத்தை மொட்டை மாடியில வெச்சிடறேன்.”