கொம்பியூட்டருக்குள் இருந்து வந்த வெடி

பயப்படுவதில் நான் கெட்டிக்காரன். மற்றவர்களுக்குப் பயம் வெளியிலிருந்து வரவேண்டும். நான் அதைப் பழைய கொம்பியூட்டரில் ஏற்றி, ஹோலில் வைத்திருந்தேன்.

அது அந்தக் காலத்துப் போக்கர் சீட்டு விளையாட்டு. மழை ஒழுகும் நகரத்துச் சந்து, ஒற்றை மஞ்சள் விளக்கு, சிகரெட் புகை. எதிரே கன்னத்தில் வெட்டுக்காயத்தோடு ஒருத்தன். நாங்கள் காட்ஸ் போடத் தாமதித்தால் உறுமுவான். இன்னும் தாமதித்தால் துவக்கை எடுத்து விளக்கைச் சுடுவான். (ஐம்பது வயதில், கிளிநொச்சியில், பட்டப்பகலில், கட்டங்கட்டமாகத் தெரியும் ஒரு படத்துக்கு நான் வியர்த்துக்கொண்டிருப்பேன்.)

அன்றைக்கு விசுவமடுவில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மகளுக்கும் பெடியனுக்கும் ஏற்கெனவே பிடித்துப்போய், பெரியவர்கள் ஓமென்றால் சரி என்ற கட்டம்.

"அப்பா, இண்டைக்கு மட்டும் மனிசர் மாதிரி இருங்கோ" என்று மகள் கெஞ்சியிருந்தாள். வாசல் படலையில் அவர்கள் வந்த வான் நின்றதும் பதறிப்போய், திரையை மட்டும் அணைத்துவிட்டு ஓடினேன்.

"கமம் எப்பிடிப் போகுது? இந்தமுறை நெல்லு விளைஞ்சதோ?" என்று மாப்பிள்ளையின் தகப்பன் கேட்டார்.

மூலையில் உறுமல்.

"நாயோ?"

"ஓம், நாய்தான்." (எங்களிடம் நாய் இல்லை.)

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய் நிறுத்தினால் சூதாடி என்று தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டால் அவன் சுடுவான். கதிரையை இன்னும் கொஞ்சம் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

டமார்!

வேறு ஊரென்றால் "என்ன சத்தம்?" என்று கேட்டிருப்பார்கள். போருக்குள் இருந்துவந்த நாங்கள் அப்படிக் கேட்டுப் பழகவில்லை. அத்தனை பேரும் நிலத்தில் குப்புற. விசயம் தெரிந்த நானும் மேசைக்குக் கீழே. பக்கத்தில் மாப்பிள்ளையின் தகப்பன்.

"எங்கயிருந்து?" என்று கிசுகிசுத்தார்.

"கொம்பியூட்டருக்குள்ள இருந்து."

அவர் தவழ்ந்துபோய்த் திரையைப் போட்டார். உடைந்த விளக்கு, புகை, அந்த முகம். கதவோரம் தேத்தண்ணித் தட்டோடு குந்தியிருந்த மகள் என்னைப் பார்த்தாள். கலியாணம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, என் காட்ஸை உற்றுப் பார்த்தார்.

"மூண்டு ராணியை வைச்சுக்கொண்டோ இவனுக்குப் பயந்தனீங்கள்?"

நிலத்தில் கிடந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தினார். "அப்ப, காட்ஸை விட்டிட்டன் எண்டு கோயில்ல சத்தியம் பண்ணினது?"

மாப்பிள்ளையின் தகப்பன் மறுபடி மேசைக்குக் கீழே வந்துவிட்டார்.

என் மனைவி அந்த அம்மாவுக்குக் கைகொடுத்தாள். "எழும்புங்கோ அக்கா. இந்த ரெண்டையும் மேய்க்க நாங்கள் ஒரே குடும்பமாத்தான் இருக்கவேணும்."

நாள் குறித்தாயிற்று. கலியாணமும் முடிந்தது. இப்போது விசுவமடுவுக்குப் போனால் மருமகன் வாசலிலேயே கேட்கிறார்:

"மாமா, கதிரை போடட்டோ, மேசைக்குக் கீழ பாய் விரிக்கட்டோ?"