பின்சீட்டில் நீலக் கோட்டு

"கேசியா, இந்த மேடு ஒண்ணுதான். எறங்கிக்க."

அன்று காலையில் ஆர்தர் இதைச் சொன்னது மூன்றாவது முறை. சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில், ஒரு மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்குமிடத்தில், அவருடைய நூறு சிசி பைக் ஆஸ்துமாக்காரரைப் போல இழுத்துக்கொண்டிருந்தது.

கேசியா இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பாலத்தின் மேல் நடந்தாள். ஷேர் ஆட்டோவில் போனவர்கள் இரக்கப்பட்டு, "ரா அம்மா, எடம் இருக்கு" என்று கூப்பிட்டார்கள். உச்சியில் ஆர்தர் முகமெல்லாம் சிரிப்பாகக் காத்திருந்தார்.

"பாத்தியா, நீ எறங்கினா எப்படிப் பறக்குது!"

அவர் பாராட்டியது வண்டியை. அது கேசியாவின் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"இதுக்குப் பேரு டூரா? பாதி தூரம் நான் நடந்தே வந்திருக்கேன். இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்த பேசமாட்டேன். திருப்பதி வந்தாலும் சரி, தலகோனா அருவியே வந்தாலும் சரி."

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கான டூர் அது. மாங்கூழ் பேக்டரியில் சூப்பர்வைசரான ஆர்தர் லீவு போடுவதே அபூர்வம். "கார் வெச்சிக்கினு போங்க நைனா" என்று மகள் ஸ்வீட்டி எவ்வளவோ சொன்னாள். கார் டூரில் கண்ணாடி வழியாகத்தான் ஊரைப் பார்க்க முடியும், பைக்கில் போனால்தான் ஊர் நம் மேல் படும் என்று ஆர்தர் வாதாடி ஜெயித்திருந்தார்.

பூதலப்பட்டு தாண்டியதும் ஊர் மட்டுமல்ல, மழையும் மேலே பட்டது.

இருவரும் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கினார்கள். ஏற்கெனவே ஏழெட்டு பைக்குகள் அங்கே நின்றிருந்தன. பக்கத்துக் கடைக்காரர் மழைக்கோட்டு விற்றார். எல்லாம் ஒரே நீலம், ஒரே சைஸ். தலைமூடி அகலமாக இருந்ததால் ஹெல்மெட்டுக்கு மேலேயே போட்டுக்கொள்ளலாம். அங்கிருந்த எல்லோருமே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பங்க் முழுக்க நீலநிற ஆவிகள் நின்றுகொண்டிருந்தன.

கேசியா தன் போனை நனையாமல் ஆர்தரின் டேங்க் பையில் போட்டுவிட்டு, பெண்கள் நின்ற பக்கம் போய் நின்றுகொண்டாள். மழை குறைந்தது. ஆர்தர் வண்டியைக் கிளப்பினார். பின்னால் நீலக் கோட்டு வந்து உட்கார்ந்தது. புறப்பட்டார்கள்.

அடுத்த மேடு வந்தது. "எறங்கிக்க" என்று சொல்ல ஆர்தர் வாயைத் திறப்பதற்குள் வண்டி ஏறிவிட்டது. அவருக்கு நம்ப முடியவில்லை.

"கேசியா! மூணு பாலம் நடந்ததுக்கே இப்படி எளைச்சிட்டியா?"

பதில் இல்லை. சபதத்தில் உறுதியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் எப்போதும் பின்கம்பியைப் பிடித்துக்கொள்ளும் கை, ஒரு பள்ளத்தில் வண்டி குதித்தபோது அவர் தோளைப் பிடித்தது. ஆர்தர் உருகிப்போனார்.

"தப்புதான் கேசியா. உன்ன நடக்க வெச்சிருக்கக் கூடாது."

வண்டி ஒரு கிலோமீட்டர் போனது.

"சரி, திருப்பதியில பட்டுப்பொடவ எடுத்துத் தரேன்."

ஒரு லாரிக்கு வழி விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

"எங்க அக்கா செய்யற பிரியாணிதான் ஒசத்தின்னு சொல்வேன் இல்ல, அது பொய்யி. அவ போடறது புளிசாதம் மாதிரி இருக்கும். உன்ன உசுப்பேத்தறதுக்குத்தான் சொல்வேன்."

பக்கக் கண்ணாடியில் நீலத் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள் என்று ஆர்தருக்குப் புரிந்தது. அவருக்கும் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டே சந்திரகிரி வரைக்கும் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் பாடும்போது பக்கத்தில் இருப்பவர்களிடம் பெருமையடித்துக்கொள்வதைக்கூடச் சொல்லிவிட்டார்.

கோட்டைக்குப் போகும் திருப்பத்தில் இருந்த டீக்கடையை நெருங்கும்போது தோளில் ஒரு தட்டு விழுந்தது. நிறுத்தினார். நீலக் கோட்டு இறங்கி, தலைமூடியைத் தள்ளி, ஹெல்மெட்டைக் கழற்றியது.

நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டோடு, ஒல்லியாக, முன்பின் தெரியாத ஒரு அம்மா.

"கர்த்தரே!" என்றார் ஆர்தர்.

"எனக்கு சக்கர கம்மியா ஒரு டீ சொல்லுங்கண்ணா" என்றாள் அந்த அம்மா.

"நீங்க... யாரு?"

"தாட்சாயணி. ஊரு நகரி. எங்க வீட்ல பவர்லூம் ஓட்றோம்."

ஆர்தர் கேசியாவுக்குப் போன் போட்டார். அவருடைய டேங்க் பையே மணியடித்தது. தாட்சாயணியின் போனோ அவள் புருஷன் பாக்கெட்டில் இருந்தது; எந்த நம்பரும் தனக்கு மனப்பாடம் இல்லை என்றாள். அவளை இங்கே விட்டுப்போனால் பாவம். கூட்டிக்கொண்டு போனால் அதைவிடப் பாவம். கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தயவுசெஞ்சி ஏறுங்கம்மா. தூக்கிக்கினு வந்த எடத்துலயே விட்டுர்றேன்."

இந்த வாக்கியம் மட்டும், பக்கத்து பெஞ்சில் வடை தின்றுகொண்டிருந்த கான்ஸ்டபிள் ரமணாவின் காதில் தெளிவாக விழுந்தது. வடையை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏமய்யா, ஈமெ எவரு?"

இந்தப் பெண் யார் என்ற கேள்விக்கு, பதற்றத்தில் ஆர்தருக்குத் தோன்றிய சுலபமான பதில் ஒன்றுதான். "என் ஒய்ப் சார்."

"பேரு?"

"கேசியா."

"தாட்சாயணி சார்" என்றாள் அவள், டீயை ஆற்றிக்கொண்டே.

"கேசியாங்கிறது ஞானஸ்நானப் பேரு சார்" என்றார் ஆர்தர்.

ரமணா அந்தக் குங்குமப் பொட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"உண்மைய சொல்லிர்றேன் சார். என் பொண்டாட்டி வேற ஆளு. மழையில மாறிப்போச்சி."

"கொடை மாறும், செருப்பு மாறும். பொண்டாட்டி எலாகய்யா, எப்படி மாறும்?" ரமணா தாட்சாயணியிடம் திரும்பினார். "அம்மா, இந்த ஆள உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"மறி, அப்போ எதுக்கு வண்டியில ஏறின?"

"மழ சார்" என்றாள். ஆர்தரின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, நல்ல வார்த்தை ஒன்றும் சேர்த்தாள். "ஆனா தங்கமான மனுஷன் சார். வழியெல்லாம் தப்பு தப்புன்னு மன்னிப்பு கேட்டுக்கினே வந்தாரு. பட்டுப்பொடவகூட எடுத்துத் தரேன்னாரு."

கடையில் இருந்த அத்தனை பேரும் டீ கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவர் போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தார். ஆர்தருக்கு பேக்டரி, சபை, மகள், சம்பந்தி வீடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் முன்னால் வந்து போயின. இந்த அம்மாவின் புருஷன் வந்தால் அடிப்பானா, வெட்டுவானா என்று யோசித்தபோது, ஒரு பெரிய பைக் வந்து நின்றது.

ஓட்டியவர் மீசைக்காரர். பின்னால் நீலக் கோட்டு. மீசைக்காரர் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, நனைந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, பின்னால் திரும்பாமல் சொன்னார்:

"தாட்சாயணி, உனுக்கு டீயா காபியா?"

"காபி" என்றது நீலக் கோட்டு. அது கேசியாவின் குரல்.

மீசைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். எதிரில் நின்ற தாட்சாயணியிடம், "கொஞ்சம் வழி வுடும்மா" என்றார். இரண்டடி போய் நின்றார். திரும்பினார். பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த கேசியாவைப் பார்த்தார். தாட்சாயணியைப் பார்த்தார். அருகிலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

ஆர்தர் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், சத்தியமா தெரியாம நடந்துடுச்சி. மன்னிச்சிடுங்க."

"அய்யோ, நீங்கதான் சார் என்ன மன்னிக்கணும்" என்றார் மீசைக்காரரான பிரபாகர். "பின்னால ஏறினதும் அவ தூங்கிடுவா. அதனால நான் திரும்பியே பாக்கல சார்."

இருவரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டதைப் பார்த்து ரமணாவுக்கே குழப்பமாகிவிட்டது. கேசியா நிதானமாக வந்து தாட்சாயணியோடு பெஞ்சில் உட்கார்ந்து காபியை வாங்கிக்கொண்டாள்.

"கேசியா, நீ பயந்தே பூட்டியா?" என்று ஆர்தர் தழுதழுத்தார். "நான் வழியெல்லாம் உன்கிட்ட என்னென்னமோ சொன்னேன்."

"அப்படியா? இவங்க சொல்லட்டும், அப்புறமா கேட்டுக்கறேன்" என்றாள் கேசியா. சபதத்தை அவள் மறந்துவிட்டிருந்தாள்.

ரமணா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இது கேஸு. ரெண்டு லேடீஸ் வண்டி மாறிப் போயிருக்காங்க. தப்பு யாருதுன்னு நான் விசாரிச்சே தீரணும். ஸ்டேஷனுக்கு நடங்க எல்லாரும்."

ஆர்தரும் பிரபாகரும் தலை குனிந்து எழுந்தார்கள்.

காலி கிளாஸைக் கீழே வைத்துவிட்டு தாட்சாயணி சொன்னாள்: "கேஸு எதுக்கு சார்? இந்தக் கடை வரைக்கும் எந்த வீட்டுக்காரரு மொதல்ல கண்டுபுடிக்கிறாருன்னு பங்க்லயே பந்தயம் கட்டிக்கினுதானே நானும் இந்த அக்காவும் மாறி ஏறினோம்!"