டிரம் பாயும் ஒரு டின் மீன் எண்ணெயும்

கடலுக்கும் எங்கள் ஊருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு மூன்று ஊரையும் சேர்த்துத் தேடினாலும் டிரம் பாய் மாதிரி ஒரு கேப்டன் அகப்படமாட்டார். இதை எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

டிரம் பாய் என்பது அவர் பெயரில்லை. தோல் தொழிற்சாலையில் தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய மர உருளைக்கு டிரம் என்று பேர். அதை இருபது வருஷம் ஓட்டியவர் என்பதால் அந்தப் பேர் வந்தது. சம்பளப் பட்டியலில் வேறு பேர் இருந்திருக்கும். நான் பார்த்ததில்லை.

அப்போது நான் மலைக்கு நடுவில் இருக்கும் ஓர் அணையில் மீன்வள ஆராய்ச்சி உதவியாளர். தற்காலிக வேலைதான். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் லுங்கி நெய்கிறார்கள். நான் மட்டும் மீனைப் படித்துவிட்டுத் திக்குத் தெரியாமல் திரிந்தேன். அந்த அணைக்கு ராணுவம் கழித்துப்போட்ட ஒரு தட்டைப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வெள்ளக் காலத்தில் ஜீப்பை ஆற்றைக் கடத்துகிற படகு அது. முன்பக்கம் ஒரு பெரிய இரும்புப் பலகை கதவு மாதிரி கீழே விழும், ஜீப் இறங்கிப் போகும். அதன்மேல் தகரக் கொட்டகை போட்டு, வலை இழுக்க ஒரு சக்கரமும் ஜாடி அடுக்க ஒரு மேசையும் வைத்து, பச்சைக்கு மேல் நீலம் அடித்து, 'ஆராய்ச்சிக் கலம்' என்று எழுதிவிட்டார்கள்.

ஓட்ட ஆள் கிடைக்கவில்லை. மோட்டார் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வார் என்று யாரோ சொல்ல, பாயைக் கூட்டிவந்தோம். வந்தவர் படகைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நெத்தியில சுருக்கம் ஜாஸ்தி. சி கிரேடு" என்றார்.

தோலைத் தரம் பிரிக்கிற பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. உலகத்தில் எல்லாமே அவருக்கு ஏ, பி, சி, ரிஜெக்ட்தான். அணைக்கட்டு டீ ரிஜெக்ட். எங்கள் அலுவலகக் கட்டடம் பி. ஒருநாள் படகைக் கரையில் மோதி நிறுத்தி, ராணுவ பாணியில் பலகையைத் தடாலென்று இறக்கினார். அவருக்கு வேறு விதமாக நிறுத்தத் தெரியாது. மேய்ந்துகொண்டிருந்த ஆட்டு மந்தை அதை ஏதோ பாலம் என்று நினைத்து வரிசையாக உள்ளே ஏறிவிட்டது. நான் எழுதி வைத்த லேபிள்களை எல்லாம் ஆடுகள் தின்றுகொண்டிருக்க, நான் கத்திக்கொண்டிருக்க, பாய் நிதானமாக ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்த்து, "இது ஏ. இதுக்கு முள்ளு கீறல், சி" என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஆட்டுக்காரர் பதறிப்போய் மந்தையை ஓட்டிக்கொண்டு போனார்.

படகில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. படகைத் தள்ளுகிற விசிறியைச் சுற்றுகிற தண்டு அடிப்பகுதியைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதை அடைக்கிற அந்தக் காலத்து வளையம் எந்தக் கடையிலும் இல்லை. பாய் தடித்த எருமைத் தோலில் வட்டம் வெட்டி, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த ஏதோ எண்ணெயில் ஊறப்போட்டு அடைத்தார். அதற்கப்புறம் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. நானே கைதட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு யோகம்தான். வலையைப் போட்ட இடமெல்லாம் மீன். கட்லா, ரோகு, ஜிலேபி என்று கொட்டியது. பாறை மூலையில்கூடக் கொட்டியது. எப்போதாவது ஒருநாள் வலை காலியாக வரும். 'வலை பழுது' என்று எழுதிவிட்டு மறுநாள் திரும்பப் போவேன். ஆறு மாதத்தில் அணை நிறைய மீன் என்று அறிக்கை எழுதி அனுப்பினேன். சென்னையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பெரிய அதிகாரி நேரிலேயே பார்க்க வருவதாகவும், என் வேலையை நீட்டிப்பது பற்றி அப்போது பேசலாம் என்றும் அதில் இருந்தது. கடைசியில் இன்னொரு வரி: மீன் இவ்வளவு இருப்பதால் இந்த வருஷம் இங்கே மீன்குஞ்சு விடத் தேவையில்லை.

மறுநாளே முனிரத்தினம் வந்து நின்றார். அணையில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிற முப்பது குடும்பத்துக்கு அவர்தான் தலைவர். குஞ்சு விடாவிட்டால் அடுத்த வருஷம் அத்தனை பேருக்கும் பிழைப்பு இல்லை.

"எங்க வலையில நாலு மீனு வர்ல. உங்க படகுக்கு மட்டும் எப்டிம்மா வருது? எங்க வயித்துல அடிக்காதம்மா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. விஞ்ஞானம் என்றால் என்ன என்று அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அந்த வாரம் பாய் தன் மகள் நிக்காவுக்கு வாணியம்பாடி போய்விட்டார். அரக்கோணத்திலிருந்து ஒருவர் படகு ஓட்ட வந்தார். ஐந்து நாள் வலை போட்டோம். மொத்தம் ஏழு மீனும் ஒரு ரப்பர் செருப்பும் வந்தன. பாய்க்குத்தான் ஏதோ கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி வருவதற்கு முதல்நாள் பாய் திரும்பிவந்தார். வந்ததும் வராததுமாக இன்ஜின் அறைக்குள் இறங்கி, ஒரு டின்னைத் திறந்து தோல் வளையத்தில் ஊற்றினார். ஊற்றியது வழிந்து தண்டோடு வெளியே போனது.

"இன்னா பாய் அது?"

"மீன் எண்ணெய். தோலு மெத்துனு ஆவறதுக்கு டிரம்முல இதான போடுவோம். தோலு காஞ்சா உதவாது பாப்பா, குடிச்சிக்கினே இருக்கணும்."

ஆறு மாதமாக அந்த வாடை இருந்திருக்கிறது. மீன் பிடிக்கிற படகில் மீன் வாடை அடித்தால் யார் சந்தேகப்படுவார்கள்? ஒரு கரண்டி வாங்கித் தண்ணீரில் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் படகைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு மீன்கள். நான் அணையில் இருந்த மீனை எண்ணவில்லை. அணை முழுக்க இருந்த கொஞ்சநஞ்ச மீனையும் பின்னாலேயே கூட்டிக்கொண்டு போய்த் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கிறேன்.

பாய்க்கு விளக்கிச் சொன்னேன். டின்னை இறுக்கி மூடி ஓரமாக வைத்தார்.

"நாளைக்கி நீ வாயத் தொறக்க வாணாம். ஊத்துனது நானு, நானே சொல்லிக்கிறேன். என்னை அனுப்பிட்டா எனக்கு டிரம்மு இருக்குது. உனக்கு இன்னா இருக்குது?"

மறுநாள் அதிகாரி வந்தார். படகின் நடுவில் உட்காரவைத்து ஆம்பூர் பிரியாணி வைத்தோம். அவர் என்னைப் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டார். பாய் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார், அதிகாரி கவனிக்கவில்லை. நான் பேசாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன், பொய் சொல்வானேன். தூரத்தில் முனிரத்தினத்தின் பரிசல் தெரிந்தது. அவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒன்றும் விழவில்லை.

"சார், நான் அனுப்பின அறிக்கை தப்பு" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

அதிகாரியின் கை பாதியில் நின்றது. "ஆறு மாச வேலையும் வேஸ்ட்டா? அப்ப இந்தப் படகை எடைக்குப் போட வேண்டியதுதான்" என்றார்.

அப்போதுதான் பாய் வாயைத் திறந்தார்.

"வேஸ்ட்டு இல்ல சார். சுவரு இருக்குது."

எங்களை இன்ஜின் அறைக்கு இறக்கினார். அங்கே இரும்புச் சுவர் முழுக்கச் சாக்பீஸில் உருது எழுத்து. ஆறு மாதமாக நான் பார்த்தது அது. ஏதோ துவா, பிரார்த்தனை எழுதி வைத்திருக்கிறார் என்று செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு இறங்குவேன். துவாவும் இல்லை, ஒன்றும் இல்லை. டிரம்மில் என்ன போட்டோம், என்றைக்குப் போட்டோம் என்று பக்கத்தில் எழுதி வைப்பது தோல் தொழிற்சாலை வழக்கம். ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் போட்ட தோல், கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று அந்த எழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். பாய் அதே வழக்கத்தில் எண்ணெய் ஊற்றிய ஒவ்வொரு நாளையும், டின் தீர்ந்துபோய் ஊற்றாத ஒவ்வொரு நாளையும் எழுதியிருந்தார்.

அவர் படிக்கப் படிக்க நான் என் நோட்டில் தேதி பார்த்தேன். எண்ணெய் ஊற்றாத நாள் பதினொன்று. பதினொன்றிலும் வலையில் மீன் இல்லை. பதினொன்றிலும் நான் 'வலை பழுது' என்று எழுதியிருந்தேன். முனிரத்தினம் சொன்ன அதே நிலவரம் ஆறு மாதமாக என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது.

"வலைக்கு என்னம்மா பழுது?" என்றார் அதிகாரி.

"பழுது எனக்குத்தான் சார்."

அவர் சிரித்துவிட்டார். அப்பாடா, அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. எண்ணெய் இல்லாமல் இன்னும் ஆறு மாதம் திரும்ப எண்ணச் சொன்னார். அதற்காக என் வேலையை நீட்டித்தார். படகும் தப்பியது. குஞ்சுகள் லாரியில் வந்து இறங்கியபோது முனிரத்தினம் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அதுவே போதும். பாய்தான் பாவம், எண்ணெய் காணாத வளையம் ஒழுகி ஒழுகி, ஆறு மாதமும் உருதுவில் திட்டிக்கொண்டே பக்கெட்டில் தண்ணீர் இறைத்தார். போகிறபோக்கில் அதிகாரிக்கு பி கொடுத்தார். பிரியாணியை மிச்சம் வைத்துவிட்டாராம்.

வேலை முடிந்து கிளம்புகிற அன்று அந்தச் சுவரைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். அதற்குள் உருது எண்கள் எனக்குப் பழகியிருந்ததால், அதிகாரி வந்துபோன தேதியில் ஒரு வரி இருப்பது தெரிந்தது. அதன் முடிவில் ஏ என்ற இங்கிலீஷ் எழுத்து. என்ன பாய் இது என்றேன். ஏதோ ஒரு லாட்டு, விடு என்று பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்து, வாணியம்பாடியில் என்னோடு படித்த, உருது தெரிந்த தோழிக்கு அந்தப் படத்தை அனுப்பிப் படித்துச் சொல்லச் சொன்னேன். பதில் உடனே வந்தது.

"உன் பேருதான்டி எழுதியிருக்கு. பக்கத்துல, 'சுருக்கம் அப்படியே இருக்குது, ஆனா நல்ல தோல்'னு இருக்கு. யாருடி இது?"

பஸ் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டுகிறவரை அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். அப்புறம், எங்க கேப்டன் என்று அனுப்பினேன்.