வண்ணத்தட்டுக்கு எண்ணெய்க் குளியல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. புதிய வண்ணத்தட்டில் நீர்வண்ணங்களைக் கரைத்துத் தயாராக வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

நான் எந்த ஆசானிடமும் ஓவியம் பயின்றவன் அல்லன் என்பது இப்பக்கத்தைத் தொடர்ந்து வாசிக்கும் அன்பர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே அடிக்கடி தெரிவித்துவிடுவேன்.

அன்று மாநில எல்லைக்கு அந்தப்புறம் கொல்லங்கோட்டில் உள்ள எங்கள் இல்லத்துக்கு முதன்முறையாக விருந்துண்ண வரவிருந்தவர், என் மருமகள் கவிதாவின் தந்தை. பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரி. திருமண வரவேற்பின்போது அவரிடம், "உங்கள் தோப்பை அப்படியே பெயர்த்துத் தாளில் நட்டுவிடுவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன்.

மனிதர் மறக்கவில்லை.

"என்ர கண்ணு முன்னால வரைஞ்சு காட்டோணுமுங்க சம்பந்தி. அப்பறந்தான் உங்க ஊட்ல கை நனைப்பேன்" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

ஆக, என் பெருமை மட்டுமன்று, என் மனைவி சமைத்துக்கொண்டிருந்த விருந்தும் அந்தத் தட்டை நம்பி இருந்தது.

தட்டு, கவிதா வாங்கித் தந்தது. "மாமா, ஓரம் ஒடஞ்ச பீங்கான் தட்டுலயே எத்தன நாளைக்குங்க கலக்குவீங்க?" என்று கேட்டு, குழி குழியாக இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கையில் கொடுத்தாள். முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு!

பழைய பீங்கான் தட்டை அன்றைக்கே பூனைக்குப் பால் ஊற்றக் கொடுத்துவிட்டேன். கலைஞன் திரும்பிப் பார்க்கலாகாது!

நீலத்தைத் தொட்டுத் தட்டில் வைத்தேன். பரவவில்லை. சேம்பு இலையில் விழுந்த மழைத்துளி போல முத்து முத்தாகத் திரண்டு நின்றது. பச்சையை வைத்தேன். அதுவும் முத்து. இரண்டையும் தூரிகையால் ஒன்று சேர்த்தேன். பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகளைப் போல ஆளுக்கொரு மூலைக்குப் போய்விட்டன.

"ஏனுங்க, சாயம் சரியில்லீங்களா?" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"சாயத்தில் குறையில்லை. தட்டு புதிது. பழக்க வேண்டும்" என்றேன்.

சொல்லி முடித்ததும் என் கண்ணில் பட்டது தோசைக்கல். அதுவும் புதிதாக வந்தபோது ஒரு தோசையையும் விடாமல் பிடித்துவைத்துக்கொண்ட கல்தான். இவள் நல்லெண்ணெய் விட்டு, அறுத்த வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்து, அதை வழிக்குக் கொண்டுவந்தாள். கல்லுக்குப் பொருந்தும் நியாயம் தட்டுக்குப் பொருந்தாதா?

அரை வெங்காயத்தை எடுத்தேன். நல்லெண்ணெயில் தோய்த்தேன். ஒரு குழி விடாமல் தேய்த்து வெயிலில் வைத்தேன்.

"வெங்காயத்த எதுக்குங்க எடுத்தீங்க?"

"கலைக்காக."

"அது சாம்பாருக்கு அரிஞ்சு வெச்சதுங்க!"

வெயிலில் காய்ந்த தட்டில் மறுபடியும் நீலத்தை வைத்தேன். முன்பாவது முத்துகள் நின்றன. இப்போது ஓடின!

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அலறியது. "கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிட்டனுங்க சம்பந்தி! காயிதத்த எடுத்து வையுங்க!"

என் முகத்தைக் கண்ட மனைவி, "எண்ணெ தேச்சா அரப்பு போட்டுத்தானுங்க எடுக்கோணும். இதுகோடத் தெரியாதுங்களா?" என்றாள்.

கேலி செய்தாள் என்பது இன்று விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடியை எடுத்துக்கொண்டு பின்புறக் குழாயடிக்கு விரைந்தேன். சிறிது நேரத்தில் வெள்ளைத் தட்டு பாசி படிந்த பச்சையாயிற்று. எண்ணெய், வெங்காயம், அரப்பு மூன்றும் சேர்ந்து வீசிய மணத்தில் பூனை எழுந்து போய்விட்டது.

முன்வாசலில் யாரையும் காணாத சம்பந்தி நேரே பின்பக்கம் வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்தார். "என்னங்க சம்பந்தி, தட்டுக்குத் தீவாளிங்களா?"

நடந்தவற்றை முறையாக விளக்கத் தொடங்கினேன். பாதியிலேயே வேட்டியை மடித்துக் கட்டிக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார். வெந்நீர் அடுப்பின் சாம்பலில் ஒரு பிடி, பக்கத்தில் கிடந்த தேங்காய் நாரில் ஒரு கொத்து. பரக் பரக்கென்று தேய்த்தார்.

"ஐயோ, கீறல் விழும்! பளபளப்புப் போய்விடும்!"

"பளபளப்ப வெச்சுட்டு என்ன பண்றதுங்க? உங்குளுக்கு வேணுங்கறது தட்டுங்களா, கண்ணாடிங்களா? இந்தப் பிசுக்குப் போகட்டும், உடுங்க."

எண்ணெய் போக வேண்டுமே என்ற கவலையில் நானும் அருகில் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அந்த மூலையில் இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மனைவி வெளியே வந்தாள்.

"ஐயோ அண்ணா! எந்திரிங்க!" என்று அலறியவள் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க! பொண்ணு குடுத்த சம்பந்திய, மொத நாளே ஏனம் கழுவ வெச்சுட்டீங்களா? சனம் என்னுங்க பேசும்?"

அவளுக்குப் பின்னால் கவிதா நின்றாள். கையில் கைப்பேசி.

தட்டு மங்கிப்போய்க் கிடந்தது. நீலத்தை வைத்தேன். பரவியது! பச்சையை வைத்தேன். பரவி, நீலத்தோடு கலந்து, சமர்த்தாக அங்கேயே நின்றது. குற்றவாளி அந்தப் பளபளப்புத்தான். மேற்பரப்பு சற்றே சொரசொரத்தால்தான் நீர்வண்ணம் பிடித்து நிற்கும்.

"நானும் முதலிலேயே இப்படித்தான் நினைத்தேன்" என்றேன்.

"அப்பறம் வெங்காயம் எதுக்குங்க சம்பந்தி?"

நான் அவசரமாகத் தாளை எடுத்து விரித்தேன்.

தோப்பை வரைந்தேன். சம்பந்தி தாளைத் தூக்கிப் பிடித்து, வியாபாரியின் கண்ணோடு நெடுநேரம் பார்த்தார். "மரம் நல்லா வந்துருக்குதுங்க. காய்ப்புத்தான் கொஞ்சம் கம்மி" என்றார். பிறகு வயிறாரச் சாப்பிட்டார். சாம்பாரில் வெங்காயம் குறைவு என்று மட்டும் சொன்னார்.

ஆகவே அன்பர்களே, புதிய பிளாஸ்டிக் தட்டு வாங்கினால் சாம்பலோ பற்பொடியோ போட்டு மெல்லத் தேய்த்துக் கழுவிவிட்டு வண்ணத்தைத் தொடுங்கள். எண்ணெய் தோசைக்கல்லோடு இருக்கட்டும்.

அன்று மாலை உறவினர் வாட்சப் குழுவில் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று என் ஓவியம். மற்றொன்று குழாயடியில் சம்பந்தி, மேற்பார்வையில் நான். ஓவியத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வரும் ஞாயிறு பொள்ளாச்சியில் எங்களுக்கு விருந்து. சம்பந்தி செய்தி அனுப்பியிருக்கிறார்: "பிரஷ் கொண்டாற வேண்டாமுங்க. ஏனம் தேய்க்க நாரு இங்கயே கெடக்குது."