முகமூடி கேட்ட சருகுமான்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை, புலி இல்லை. ஆனாலும் குட்டிகளின் முகத்தில் அடிக்கடி ரத்தம் வந்துகொண்டிருந்தது. காரணம் வேறொன்றுமில்லை, அங்கே ஒரு சாஃப்ட்பால் கழகம் இருந்தது.

காட்டோரத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகள் ஆடுவதை மரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் குரங்குகள் கொண்டுவந்த ஆட்டம் அது. ஒருவர் கையைக் கீழிருந்து சுழற்றிப் பந்தை எறிய வேண்டும். எதிரே நிற்பவர் மட்டையால் ஓங்கி அடிக்க வேண்டும். எல்லாவற்றையும் கவனித்து வந்த குரங்குகள், பந்தை மட்டும் தூக்கி வர மறந்துவிட்டன. அதனால் காய்ந்த விளாங்காயே பந்தாயிற்று. ஓட்டோடு எறிவார்கள், ஓட்டோடு அடிப்பார்கள். பேர் மட்டும் சாஃப்ட்பால்தான்.

அந்தக் காட்டில் மரகதம் என்றொரு சருகுமான் இருந்தாள். சருகுமானைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன், முயலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கொம்பு கிடையாது. உடம்பில் கெட்டியான இடம் என்று தேடினால் குளம்பு நாலும்தான் அகப்படும். அவளுடைய ஒரே மகள் யாழினி. காட்டிலேயே பந்து எறிவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பெருமைதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் எறிபவர் நிற்கும் இடம்தான் மட்டைக்கு நேர் எதிரே, ரொம்பப் பக்கத்தில். அடித்த காய் நேராகத் திரும்பி வந்தால் கண்ணை மூடக்கூட நேரம் இருக்காது.

அதனால் மரகதம் மகளுடைய ஆட்டத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. ஆட்டம் முடியும்வரை சருகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மகள் அலறுகிறாளா என்று கேட்கக் காதை மட்டும் வெளியே விட்டிருப்பாள். ஒரு தாய்க்கு இது பிழைப்பா? பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"தலைவரே, குட்டிங்க எல்லாருக்கும் முகமூடியைக் கட்டாயமாக்கணும்."

தலைவர் ஆமை அம்பலவாணன் சிரித்தார். "முகமூடியா? அந்தக் காலத்துல நான் ஆடாத ஆட்டமா, என் மேல விழாத காயா? ஒரு கீறல் இருக்கா பாரும்மா" என்று முதுகைத் திருப்பிக் காட்டினார்.

செயலாளர் எறும்புத்தின்னி ஏகாம்பரமும் விட்டுக்கொடுக்கவில்லை. உடம்பெல்லாம் செதில் அவருக்கு. "எனக்கும்தான் ஒண்ணும் ஆனதில்ல. காய் வந்தா இப்படிச் சுருண்டுக்கணும்" என்று உருண்டையாகிக் காட்டிவிட்டு, உள்ளிருந்தபடியே பேசினார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் சுருளவே தெரியல."

"உங்களுக்கு ஓடு இருக்கு தலைவரே, செயலாளர் ஐயாவுக்குச் செதில் இருக்கு. எம்மவளுக்குத் தோலைத் தவிர என்ன இருக்கு?"

அம்பலவாணனின் முகம் சுண்டிப்போயிற்று. "ஓடு நான் பாடுபட்டுச் சம்பாதிச்சதும்மா. அதைப் போய்ப் பாதுகாப்புங்கிறியே!"

முள்ளம்பன்றி ஒருவர் எழுந்தார். அவர் பக்கத்தில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. "வேணுங்கறவங்க போட்டுக்கட்டும், வேணாங்கறவங்க விடட்டும். கட்டாயம்னு மட்டும் சொல்லாதீங்க. காடுன்னாலே சுதந்திரம்தான்." பலத்த கைதட்டல்.

காட்டுப்பன்றி கோமளத்துக்கு வேறு கவலை. "ஏன் மரகதம், உம்பொண்ணு முகத்தை மூடிக்கிட்டு நின்னா, எம்பையன் அடிக்கிறது கொலைகார அடின்னுதான ஊரு பேசும்? நாளைக்கு அவனுக்கு யாரு பொண்ணு கொடுப்பா?"

மரகதத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் ஏகாம்பரம் சுருள் பிரிந்து, கழகத்தின் வழக்கத்தை நினைவுபடுத்தினார். சம்பவம் ஒன்று நடந்தால் மட்டுமே பாதுகாப்பைப் பற்றித் தீர்மானம் போட வேண்டும், அதற்கு முன்னால் போட்டால் அது அபசகுனம். அந்தக் காட்டில் இதுதான் நெடுநாள் முறை. ஆற்றில் ஆள் விழுந்த பிறகுதான் பாலத்துக்கு இடம் பார்ப்பார்கள்.

"சம்பவமெல்லாம் நடந்துக்கிட்டேதான இருக்கு!" என்றாள் மரகதம். "குரங்குக்குட்டிக்குப் பல்லு போச்சே?"

"அது பால்பல்லும்மா. எப்படியும் விழ வேண்டியது."

"கோமளம் மகனுக்கு மூக்கு சப்பையாப் போச்சே?"

"அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சாம்?" என்றார் தலைவர். கோமளமே ஆமோதித்துத் தலையாட்டினாள்.

"முயலோட பிள்ளைக்கு ஒரு கண்ணு தெரியலையே, ஐயா!"

"இன்னொண்ணு தெரியுதில்ல?" என்ற அம்பலவாணன், குரலைத் தழைத்துக்கொண்டார். "நீ கவலைப்படாதம்மா. சம்பவம்னு ஒண்ணு நடக்கட்டும். அப்புறம் கழகம் கையைக் கட்டிக்கிட்டு இருக்காது."

கழகத்தை நம்பிப் பயனில்லை என்று மரகதம் தூக்கணாங்குருவியிடம் போனாள். குருவி நல்ல பிரம்பு நாராக எடுத்து, கண்ணுக்கு இடம் விட்டு, யாழினியின் முகத்துக்கு அளவெடுத்து ஒரு முகமூடி பின்னிக் கொடுத்தது. அதைப் போட்டுக்கொண்டு யாழினி மைதானத்தில் இறங்கினாளோ இல்லையோ, குரங்குக்குட்டிகள் "கூண்டு மான், கூண்டு மான்" என்று கத்த ஆரம்பித்தன. பல் போன குட்டிதான் அதிகமாகக் கத்தியது. நடுவர் கரடி ஓடி வந்து, "விளையாட்டுன்னா தைரியம் வேணும் பாப்பா" என்று புத்தி சொன்னார். அவர் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை, ஏனென்றால் அவர் தடிமனான பிரம்பு முகமூடி போட்டிருந்தார். நடுவரின் முகம் கழகத்தின் சொத்தாம்.

யாழினி வீட்டுக்கு வந்து, "இது வேணாம்மா, எல்லாரும் சிரிக்கறாங்க" என்றாள்.

"சிரிக்கட்டும். உன் பல்லு உன் வாயில இருந்தா நீயும் ஒருநாள் திருப்பிச் சிரிக்கலாம்" என்றாள் மரகதம். மகள் முனகிக்கொண்டே போட்டுக்கொண்டாள்.

இறுதி ஆட்டத்தின் நாள் வந்தது. தலைமை விருந்தினராகப் பக்கத்துக் காட்டுச் சிறுத்தை வந்திருந்தார். அன்றைக்கு மட்டும் யாரையும் சாப்பிடுவதில்லை என்று பேச்சு. மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் மேடை. வழக்கமாக மேடைக்கு முன்னால் கொடியில் பின்னிய வலை ஒன்று தொங்கும், பெரியவர்கள் மேல் காய் படக்கூடாதே. அன்றைக்கு அதை அவிழ்த்துவிட்டார்கள். சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன செல்போனில் மரங்கொத்தி படம் எடுப்பதாக ஏற்பாடு. வலை இருந்தால் விருந்தினரின் முகம் தெளிவாக விழாதாம்.

முதல் பந்தைச் சிறுத்தைதான் அடித்துத் தொடங்கிவைக்க வேண்டும். அவர் மட்டையோடு வந்து நின்றதும் ஏகாம்பரம் யாழினியிடம் ஓடினார். "அதைக் கழட்டு பாப்பா. விருந்தாளி முன்னாடி முகத்தை மூடிக்கிட்டு நிக்கறது மரியாதையா?"

"ஐயா, இன்னைக்கு ஒருநாள் விட்டுடுங்கய்யா" என்று மரகதம் ஓரத்திலிருந்து கெஞ்சினாள்.

"இன்னைக்கு ஒருநாள்தான கழட்டச் சொல்றேன்" என்றார் ஏகாம்பரம்.

யாழினி முகமூடியைக் கழற்றிக் காலடியில் வைத்தாள். அன்றைக்கு மரகதத்துக்குச் சருகுக்குள் முகத்தைப் புதைக்கவும் தோன்றவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். மகள் மரியாதையாக, மெதுவாகத்தான் எறிந்தாள். சிறுத்தை மரியாதை இல்லாமல் அடித்தார். விளாங்காய் நேராகத் திரும்பி வந்தது. யாழினி தலையைச் சாய்த்தாள், பாதிதான் சாய்க்க முடிந்தது. காய் அவளுடைய இடது காதைக் கிழித்துக்கொண்டு பறந்தது.

ரத்தம் கொட்டியது. "சம்பவம்! சம்பவம் நடந்துடுச்சு தலைவரே!" என்று அலறிக்கொண்டு மரகதம் ஓடினாள். பெற்ற வாயால் அப்படிக் கத்த வேண்டி வந்ததே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

கழகம் அங்கேயே கூடி, காயத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. "காதுதான் பட்டிருக்கு" என்றார் ஏகாம்பரம். "உங்க கோரிக்கை முகமூடியைப் பத்தி. காது முகத்துல சேராது." அம்பலவாணன் வருத்தத்தோடு தலையாட்டினார். "கொஞ்சம் இந்தப் பக்கம் பட்டிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்."

காதில் தழையை அரைத்து அப்பிக்கொண்டு யாழினி மறுபடி எறிய வந்தாள். முகமூடியை எடுக்கக் குனிந்தவளை, "விருந்தாளி இன்னும் போகல பாப்பா" என்று தடுத்தார்கள். ரத்தம் கண்ணில் வழிந்தது. மேடையில் அம்பலவாணன், அங்கே திரும்பி வந்துவிட்ட சிறுத்தையோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளத் தன் வாழ்நாளில் நீட்டாத அளவுக்குக் கழுத்தை நீட்டியிருந்தார். யாழினி சுழற்றிய கை வழுக்கியது. காய் மட்டையைத் தாண்டி, பின்னால் காய் பிடிக்க நின்ற அணிலுக்கு எட்டாமல், வலை இல்லாத வழியாகப் போய்த் தலைவரின் மூக்கில் 'ணங்'கென்று விழுந்தது.

தலை உள்ளே போன வேகத்தில் ஓடே ஆடியது. கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுக்குள்ளிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது.

"சம்பவம்."

அதற்கப்புறம் வேலை நடந்த வேகத்தைச் சொல்லி முடியாது. உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்தபடியே தீர்மானம் போட்டார்கள். சுதந்திரத்தைப் பற்றிப் பேசிய முள்ளம்பன்றிதான் வழிமொழிந்தார். முகமூடி இன்றுமுதல் கட்டாயம், மேடையில் அமரும் தலைவருக்கு. நடுவரின் முகமூடியைத் தலைவருக்குப் போட்டுப் பார்த்தார்கள், தொளதொளவென்றிருந்தது. ஏகாம்பரம் மைதானத்துக்கு ஓடி வந்து, யாழினியின் காலடியில் கிடந்ததை எடுத்துப் போனார். அது அம்பலவாணனுக்கு அளவெடுத்துத் தைத்ததைப் போல் கச்சிதமாகப் பொருந்தியது.

"தலைவரே, அது எம்மவளோடது!" என்றாள் மரகதம்.

"உன் கோரிக்கைதானம்மா நிறைவேறியிருக்கு" என்றார் தலைவர், பிரம்புக்குப் பின்னாலிருந்து. "போராடி ஜெயிச்சுட்டே. சந்தோஷமாப் போ."

கூட்டம் கைதட்டியது. கோமளம்கூட வந்து, "விடாப்பிடியா நின்னு சாதிச்சுட்டியே மரகதம்" என்று பாராட்டினாள்.

ஆட்டம் தொடர்ந்தது. மட்டையோடு கோமளத்தின் மகன் வந்து நின்றான். யாழினி காயைக் கையில் எடுத்து உருட்டினாள். அவள் மட்டையைப் பார்க்கவில்லை. அதற்கும் பின்னால் மேடையைப் பார்த்தாள். முகமூடிக்குள் தலைவர் பத்திரமாக இருந்தார். அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவருக்கு வலப்பக்கம், எறும்பு தேடும் தன் நீண்ட மூக்கை மேலே தூக்கிக்கொண்டு ஏகாம்பரம் படத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்து முள்ளம்பன்றி, அதற்கடுத்து மற்ற உறுப்பினர்கள். வலையை இன்னும் யாரும் கட்டவில்லை.

"பார்த்து எறி கண்ணு, கை வழுக்கிடப்போகுது" என்று சொல்ல வாயைத் திறந்தாள் மரகதம். மகளின் கண் போகும் இடத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு, பிள்ளைக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்."

நீதி: பிள்ளைகளின் பாதுகாப்பு பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது. குறி தவறாமல் எறியக் கற்றுக்கொடுங்கள்.