தொடை ரெயிலரும் கைபிடி இல்லாத கதிரையும்

யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் நாடி பிடித்து நோய் சொன்னவர்கள் பலர். தொடையைப் பார்த்துச் சொன்னவர் ஒருவர்தான். அவரோ வைத்தியர் அல்ல, துணி தைக்கும் ரெயிலர். சொந்தப் பெயர் அவருடைய மனைவிக்கே மறந்திருக்கும். ஊருக்கு அவர் தொடை ரெயிலர்.

சந்தைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், காலால் மிதிக்கும் தையல் மிஷின், தடித்த கொப்பி ஒன்று. முப்பது வருடமாக வந்துபோனவர்களின் அளவெல்லாம் அந்தக் கொப்பியில் இருந்தது. அவர் படித்த மருத்துவக் கல்லூரியும் அதுதான்.

"வயசு போகப் போக இடுப்பு ஏறுது, தொடை இறங்குது. சதை கரையுது பாருங்கோ! சாய்மனைக் கதிரையிலை படுக்கப் படுக்க இன்னும் கரையும்" என்று, காற்சட்டை தைக்க வந்தவர்களுக்கு விரிவுரை நடத்துவார்.

கடையில் இருந்த ஒரே கதிரையின் கைபிடி இரண்டையும் அவரே மரம் அறுக்கும் வாளால் அரிந்து எறிந்திருந்தார். அறுபது தாண்டிய எவரும் கையைக் கட்டிக்கொண்டு அதில் ஐந்து தரம் இருந்து எழும்ப வேண்டும். அதன் பிறகுதான் அளவெடுப்பார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் மூன்றாம் தரத்தோடு எழும்ப முடியாமல், பேப்பர் வாசிக்க இருந்தவர் மாதிரி மதியம் வரை நடித்தார். ரெயிலர் துணியை மடித்து அவர் மடியிலேயே வைத்துவிட்டார். ரெயிலர் தைத்த காற்சட்டை அவ்வளவு அழகாக இருந்ததால்தான் கடை தப்பியது.

யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். அப்பா வீதி வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். வேட்டியோடு வெளியே போனால் தெருக்கள் தன்னை மதிக்காது என்று நினைப்பவர். பழைய காற்சட்டை தொடையில் தொளதொளத்ததால் புதிதாக ஒன்று தேவைப்பட்டது.

"ஓவசியர் ஐயா, கையைக் கட்டுங்கோ. இப்ப எழும்புங்கோ."

அப்பா முன்னால் குனிந்தார், பின்னால் சாய்ந்தார், கடைசியில் என் தோளைப் பிடித்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் காற்சட்டை தைக்க வந்தனானோ, சேர்க்கஸிலை சேர வந்தனானோ?"

"அப்ப பங்கருக்குள்ளை என்னெண்டு இறங்கி ஏறுறியள்?"

நான்தான் உண்மையைச் சொன்னேன். ஒருமுறை குண்டுவீச்சுக்கு ஒளிய வளவில் வெட்டியிருந்த பங்கரிலிருந்து அப்பாவால் ஏற முடியாமல் போக, நானும் பக்கத்து வீட்டாரும் அவரை நெல்மூட்டை போலத் தூக்கி எடுத்தோம். அன்றிலிருந்து குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தால், "எனக்குச் சாவுக்குப் பயமில்லை" என்று விறாந்தையிலேயே இருந்துவிடுவார். அவரை விட்டுவிட்டு அம்மாவும் இறங்கமாட்டா. நான் மட்டும் கீழே தனியே கிடப்பேன். "எழும்பும்வரை தைக்கமாட்டன்" என்று ரெயிலர் எங்களைத் திருப்பி அனுப்பினார்.

மறுநாள் காலையில் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. கரியரில் அந்தக் கதிரை கட்டியிருந்தது.

"தைக்கமாட்டன் எண்டனீர். பிறகேன் வந்தனீர்?" என்றார் அப்பா.

"ஐயா, வாயாலை கதைச்சது காணும். இருங்கோ. எழும்புங்கோ. ஒண்டு!"

தினமும் இதே கூத்துத்தான். அம்மாவுக்கும் கட்டளை பிறந்தது: "அக்கா, முட்டை குடுங்கோ, பயறு அவிச்சுக் குடுங்கோ. வெறுங் கஞ்சியிலை சதை பிடிக்காது." சனிக்கிழமைகளில் அளவுநாடாவைச் சுற்றிவிட்டு, "கால் அங்குலம் ஏறியிருக்கு!" என்று கூவுவார். அப்பா அதைக் கேட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் சாரத்தை உயர்த்தித் தொடையைக் காட்டத் தொடங்கினார். என்னை மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டாரும் தப்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பொம்மர் இரைந்தது. அப்பா கதிரையில் கை ஊன்றாமல் எழும்பி, எனக்கு முன்னால் நடந்து, பங்கரின் ஐந்து படியும் தானே இறங்கினார். பின்னால் அம்மா. அவர்கள் இருவரையும் பங்கருக்குள் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இரைச்சல் அடங்கியதும் நான் முதலில் ஏறி, மேலே நின்று கை நீட்டினேன்.

"கையை எடடா!" என்றார். ஒவ்வொரு படியாக ஏறி வந்து வெயிலில் நின்றார். "ரெயிலரைக் கூப்பிடு. அளக்கட்டும்."

காற்சட்டை எடுக்கப் போன அன்று கொப்பி விரிந்து கிடந்தது. எட்டுச் சனிக்கிழமைக்கும் அப்பாவின் தொடையளவு ஒரே எண்தான்.

"என்னண்ணை, ஒண்டும் ஏறேல்லையே?"

"உஷ்! சதை மெல்ல மெல்லத்தான் வரும் தம்பி. அதுவரைக்கும் மனுசன் எழும்ப வேண்டாமோ? பொய் என்ரை. எழும்பினது அவர்."

அப்பாவுக்கு நான் சொல்லவேயில்லை. அந்தக் காற்சட்டையோடு அவர் இன்னும் பல வருடம் தெருக்களை மேற்பார்வை செய்தார்.

இப்போது எனக்கும் அந்த வயது. காலையில் கையைக் கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து எழும்புகிறேன், ஒண்டு, ரெண்டு என்று அவர் குரலிலேயே எண்ணிக்கொண்டு. சனிக்கிழமைகளில் நானேதான் அளக்கிறேன். கால் அங்குலம் கூட்டிச் சொல்ல அந்த மனுசன் பக்கத்தில் இல்லையே என்றிருக்கிறது.